அப்பாவின் தொடை, தம்பியின் தொடை: ஒரே காயம் ஏன் ஒரே வேகத்தில் ஆறவில்லை?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். அப்பாவுக்கு 63 வயது, தென்னையில் கள் இறக்குபவர். மூன்று மாதத்துக்கு முன் மரத்திலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி இடது பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது. ஸ்கேனில் பாதிக் கிழிசல் என்றார்கள். போன வருடம் 24 வயதுத் தம்பிக்கும் கபடியில் அதே இடத்தில் பாதிக் கிழிசல். அவன் ஆறு வாரத்தில் களத்துக்குப் போய்விட்டான்; அப்பா இன்னும் படியேறத் திணறுகிறார். ஒரே ஜீன், ஒரே வீட்டுச் சாப்பாடு. அப்படியானால் வித்தியாசம் எபிஜெனிட்டிக்ஸில் இருக்கிறதா? நகரத்தில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், கூடவே 'எபிஜெனிட்டிக் கேப்சூல்' என்று ஒன்றும் தருகிறார்கள். அத்தை உழிச்சலுக்கு (எண்ணெய் தடவி நீவும் வைத்தியம்) கூட்டிப் போகச் சொல்கிறார். அப்பா பிரஷர் மாத்திரையோடு, வலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக்கும் போட்டுக்கொள்கிறார். அவர் திரும்ப மரம் ஏற முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பணம் சம்பந்தப்பட்டதை முதலில் முடித்துவிடுவோம். அந்த ஊசிக்கும் கேப்சூலுக்கும் முன்பணம்கூடக் கட்ட வேண்டாம். காரணம் உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'ஒரே ஜீன்' என்பது சரியல்ல என்று உங்களுக்கே தெரியும். தம்பிக்கு அப்பாவிடமிருந்து வந்தது பாதிதான். ஒப்பிட வேண்டியது 63 வயது அப்பாவையும் 24 வயதில் இருந்த அதே அப்பாவையும். அந்த இருவரின் டிஎன்ஏ எழுத்து வரிசை ஏறக்குறைய ஒன்றே. எந்த ஜீன் எந்த நேரத்தில் படிக்கப்படுகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. அதில் எபிஜெனிட்டிக்ஸுக்கு, அதாவது எழுத்து வரிசையை மாற்றாமல் ஜீன் படிக்கப்படுவதை மட்டும் மாற்றும் வேதிக் குறிகளுக்கு, நல்ல பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை. காயமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை: 'பாதிக் கிழிசல்' என்ற சொல்லுக்குள் சில நார்கள் அறுந்ததும் அடங்கும், தசைக்குள் ஓடும் தசைநாணில் பாதி அறுந்ததும் அடங்கும். இரண்டாவது வகை எந்த வயதிலும் மெதுவாகத்தான் ஆறும். வயதின் மேல் பழியைப் போடுவதற்கு முன் இருவரின் ஸ்கேன் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தசைநாண் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா, கிழிசலின் நீளம் எத்தனை சென்டிமீட்டர்?

இனி செல்லுக்குள் போவோம். ஒரு தசை நார் என்பது பல உட்கருக்கள் கொண்ட ஒரே நீண்ட செல். அந்த உட்கருக்கள் இனிப் பிரியமாட்டா. நார் அறுந்தால் புதிதாகக் கட்டுவது, நாரின் சவ்வுக்கும் அதைச் சுற்றியுள்ள அடிப்படலத்துக்கும் இடையில் ஒட்டிக் கிடக்கும் சிறு செல்கள். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இவற்றை விவரித்தார். நாரின் விளிம்பில் இருப்பதால் சாட்டிலைட் செல் என்ற பெயர் வந்தது. தசையின் ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களைத் தரும் மூலச் செல்கள், இவையே. வளர்ந்தவரின் தசையில் உள்ள உட்கருக்களில் 2 முதல் 7 சதவீதம் இவற்றுடையவை. பாக்ஸ்-7 என்ற புரதம் இவற்றின் அடையாளம். அந்தப் புரதம் உள்ள செல்களை மட்டும் எலியில் அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்தினால் புதுத் தசை உருவாவதில்லை. தழும்பும் கொழுப்பும்தான் மிஞ்சுகின்றன. 2011இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் இதைத் தனித்தனியே காட்டின. இவை இல்லாவிட்டால் இந்த வேலைக்கு உடலில் மாற்று ஆள் கிடையாது. ஊசி விஷயத்தில் இது மறுபடியும் வரும்.

காயமில்லாத காலத்தில் இவை ஓய்வில் இருக்கின்றன. வெறும் உறக்கம் அல்ல அது. பத்தாயத்து விதைநெல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: முளைப்பதற்கு வேண்டிய தூது ஆர்என்ஏக்களில் (புரதம் கட்டுவதற்காக ஜீனிலிருந்து எடுத்த நகல்கள்) ஒரு பகுதி காய்ந்த விதைக்குள் முன்பே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும், ஈரம் பட்டதும் வாசிப்பு தொடங்கும். சாட்டிலைட் செல்லிலும், தசையாக மாறத் தூண்டும் மைஃப்-5 ஜீனின் தூது ஆர்என்ஏ முன்கூட்டியே தயார். மைக்ரோ ஆர்என்ஏ-31 என்ற குட்டி ஆர்என்ஏ அதைப் புரதமாகவிடாமல் பிடித்து, சிறு துகள்களுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் மைக்ரோ ஆர்என்ஏ-489 செல் பிரிவதையே அடக்குகிறது. உட்கருவுக்குள் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றிக் கிடக்கிறது; இரண்டும் சேர்ந்ததுதான் குரோமேட்டின். ஹிஸ்டோன் 4இன் 20ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில், மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி இரண்டைச் சேர்க்கும் ஒரு நொதி குரோமேட்டினில் ஒரு பகுதியை இறுக்கி, தசையாக மாறச் சொல்லும் மையோ-டி ஜீன் படிக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறது. எலியில் அந்த நொதியை நீக்கினால் செல்கள் வேலை இல்லாத நேரத்திலும் விழித்துக்கொள்கின்றன. நாளடைவில் கையிருப்பு கரைகிறது. அதே செல்லில், ஆயிரக்கணக்கான ஜீன்களின் தொடக்கத்தில் ஹிஸ்டோன் 3இன் 4ஆம் லைசினில் மூன்று மெத்தில் கொண்ட குறி முன்பே இருக்கிறது. அது 'படிக்கலாம்' என்ற குறி.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அசிட்டைல் (மெத்தில் போல ஒட்டும் இன்னொரு தொகுதி) என்றால் திறக்கும், மெத்தில் என்றால் மூடும் என்று மனப்பாடம் செய்துகொள்வார்கள். ஹிஸ்டோனில் மெத்திலின் பொருள் எந்த லைசினில் உட்கார்ந்திருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹிஸ்டோன் 3இன் 4ஆம் லைசினில் மூன்று இருந்தால் திறப்பு; அதே ஹிஸ்டோனின் 27ஆம் லைசினில் மூன்று இருந்தால் மூடல். இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

நார் கிழிந்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வருகின்றன, அடுத்த ஓரிரு நாளில் சிதைவை அள்ளும் மேக்ரோஃபேஜ்கள். விழிக்கும் சாட்டிலைட் செல் எரிபொருளை மாற்றிக்கொள்கிறது: கொழுப்பு அமிலத்தை விட்டுக் குளுக்கோஸுக்கு வருகிறது. அதனால் செல்லுக்குள் என்ஏடி+ என்ற துணை மூலக்கூறு குறைகிறது. அது இல்லாமல் இயங்காத சர்ட்-1 நொதி தளர்கிறது. சர்ட்-1 அகற்றிக்கொண்டிருந்த அசிட்டைல் குறி, ஹிஸ்டோன் 4இன் 16ஆம் லைசினில், இப்போது அகலாமல் தங்கிவிட, தசைக்குரிய ஜீன்கள் திறக்கின்றன. எலியில் 2015இல் காட்டப்பட்டது இது. சாப்பாடும் சர்க்கரையும் உட்கருவில் எப்படிக் கையெழுத்து இடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

முதல் பிரிவுக்கு ஒன்றரை நாள் வரை ஆகும். பிறகு வேகம் பிடிக்கும். அப்போது பாக்ஸ்-7 புரதத்தின் மேலேயே கார்ம்-1 என்ற நொதி மெத்தில் ஒட்டுகிறது. மெத்தில் ஏறிய பாக்ஸ்-7 வேறொரு நொதிக் குழுவைக் கூட்டிவந்து மைஃப்-5 ஜீனில் 4ஆம் லைசின் குறியைப் போட வைக்கிறது. பிரிந்த இரண்டில் ஒன்று தசையாகும் வழியில் போகிறது, மற்றது ஸ்டெம் செல்லாகவே நிற்கிறது. இந்தப் பெருக்கக் கட்டத்தில் 27ஆம் லைசினில் மூடல் குறி போடும் ஈ.இசட்.ஹெச்-2 என்ற நொதி அவசியம், அதை நீக்கிய எலிகளில் செல்கள் போதிய அளவு பெருகுவதில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து, செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நாராக வேண்டிய கட்டம் வந்ததும், அதே மூடல் குறி, நாராக மாற உதவும் மையோஜெனின் ஜீனிலிருந்து அகல வேண்டும். யுடிஎக்ஸ் என்ற நொதி அதை அகற்றுகிறது. அழற்சியில் வரும் டிஎன்எஃப் என்ற புரதம், பி-38 என்ற சமிக்ஞையைத் தூண்ட, அது ஈ.இசட்.ஹெச்-2ஐப் பாக்ஸ்-7 ஜீனை மூட அனுப்புகிறது. மையோ-டியின் பக்கத்திலோ குரோமேட்டினைத் திறக்கும் புரதக் குழுவைச் சேர்க்கிறது. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது வெறும் தொந்தரவு அல்ல. செல்லின் திசையை மாற்றும் உத்தரவுகளில் ஒன்று அந்த வீக்கத்திலிருந்துதான் வருகிறது. எலியில் ஐந்து முதல் ஏழு நாளில் உட்கரு நடுவில் இருக்கும் புது நார்கள் தெரியும், மூன்று நான்கு வாரத்தில் தசை பெரும்பாலும் பழைய உருவுக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் சில செல்கள் மறுபடி ஓய்வுக்குத் திரும்பும்.

இந்த நாள் கணக்கை மனிதருக்கு அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம். ஆய்வகங்களில் எலித் தசையைச் சிதைக்க நாகப்பாம்பு இன நஞ்சிலிருந்து எடுத்த கார்டியோடாக்சினையோ பேரியம் குளோரைடையோ ஊசியில் ஏற்றுவார்கள். அவை நாரைக் கொல்கின்றன. அடிப்படல உறை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது, புது நார் அதே உறைக்குள் வளர்ந்துவிடுகிறது. மரத்தில் வழுக்கிக் கிழிந்த தொடையில் உறையும் சேர்ந்து அறுந்திருக்கிறது, நடுவில் இரத்தம் கட்டியிருக்கிறது. அந்த இடைவெளியைத் தழும்பு இணைத்து, அதன் இரு கரைகளிலும் நார்கள் புதிதாக ஒட்ட வேண்டும். எலிக்கு நான்கு வாரம் என்பதை விளம்பரத்தில் படித்து அப்பாவுக்கும் அதை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வயதானால் என்ன மாறுகிறது? வயதான எலிகளின் ஓய்வுச் செல்களில் 27ஆம் லைசினின் மூடல் குறி கூடியிருக்கிறது. மிக முதிய எலிகளில், அதாவது 28 மாதம் தாண்டியவற்றில், செல்லைப் பிரியவிடாமல் தடுக்கும் பி-16 ஜீனின் மேலிருந்த அடக்குமுறை தளர்ந்து, செல் ஓய்விலிருந்து மீளமுடியாத முதுமைக்குப் போய்விடுகிறது. பி-16ஐ அடக்கினால் திறன் ஓரளவு திரும்புகிறது. இது 2014இல் வந்த முடிவு. 28 மாத எலியை மனிதக் கணக்கில் வைத்தால் எழுபதைத் தாண்டிய முதியவர். 63 வயதில், தினமும் மரம் ஏறிக்கொண்டிருந்த மனிதரை அந்த வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை. இன்னொன்றும் உண்டு. 2005இல் கிழ எலியையும் இளம் எலியையும் இரத்த ஓட்டத்தில் இணைத்தபோது கிழ எலியின் தசை ஆறும் திறன் மேம்பட்டது. பழைய செல்லுக்குள்ளேயே எல்லாம் கெட்டுப்போயிருந்தால் அது நடந்திருக்காது. சுற்றியிருக்கும் சூழலும் குறிகளை எழுதுகிறது.

இப்போது ஊசி. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்களைத்தான் பெரும்பாலும் 'ஸ்டெம் செல்' என்று தசையில் ஏற்றுகிறார்கள். அவை பாக்ஸ்-7 உள்ள சாட்டிலைட் செல்கள் அல்ல. தசை நார் கட்டும் வேலை அவற்றுக்குத் தெரியாது. சரி, உண்மையான தசைச் செல்களையே ஏற்றினால்? 1990களில் டூஷேன் என்ற பரம்பரைத் தசைச்சிதைவு உள்ள சிறுவர்களுக்குக் கொடையாளரின் தசைச் செல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சில நாளில் இறந்தன, ஊசி போன தடத்தை விட்டு நகரவில்லை, நோய் எதிர்ப்பும் தாக்கியது. பலன் சொல்லும்படி இல்லை. சாட்டிலைட் செல்லைச் சாதாரண பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், அதன் குறிகள் மாறி, ஸ்டெம் தன்மையை விரைவில் இழந்துவிடுகிறது. தசையின் மென்மைக்கு ஈடாக, 12 கிலோபாஸ்கல் அளவு விறைப்புள்ள ஜெல்லில் வளர்த்தபோது அந்தத் தன்மை கூடுதலாகத் தங்கியது என்று 2010இல் எலிச் செல்களில் காட்டினார்கள். தட்டின் கடினம்கூட மாற்றிவிடும் செல்லை ஒரு ஊசியில் நிரப்பி உத்தரவாதம் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சட்டப்படியும் கேட்க வேண்டியது உண்டு. 2017ஆம் ஆண்டு தேசிய ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டுதல்கள் இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஒப்புக்கொள்ளப்பட்டவற்றைத் தவிர மற்றதை முறைப்படியான மருத்துவ ஆய்வுக்குள்தான் செய்யச் சொல்கின்றன. கிளினிக்கில் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் ஆய்வின் எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஆய்வு என்றால் நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? மூன்றாவது கேள்வியில் பேச்சு வேறு பக்கம் போகும். 'சொந்த இரத்தத்தில் பிஆர்பி (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) எடுத்துப் போடுகிறோம், அது மலிவு' என்று இறங்கி வந்தால், பின்தொடைத் தசைக் கிழிசலில் 80 விளையாட்டு வீரர்களுக்கு பிஆர்பியும் உப்புநீரும் போட்டு ஒப்பிட்ட 2014 ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்லுங்கள்.

கேப்சூலுக்கு வருவோம். மேலே பார்த்தீர்கள்: ஒரே குறி திங்கட்கிழமை தேவை, வியாழக்கிழமை அகல வேண்டும். தினமும் காலையில் ஒரு கேப்சூல் விழுங்கி இந்தக் கிரமத்தைப் பிடிக்க முடியாது. என்ஏடி+ கூட்டும், சர்ட்-1ஐத் தூண்டும் என்று விற்கப்படுபவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். செல் விழிக்கும் கட்டத்தில் நடக்க வேண்டியது அதற்கு நேர் எதிர். 2016இல் வயதான எலிகளுக்கு என்ஏடி+ முன்னோடி ஒன்று நன்மை செய்தது என்றும் ஒரு முடிவு வந்தது. எலியிலேயே இரண்டு பக்கமும் சாட்சி நிற்கும்போது மனிதத் தொடைக்கு விலைப்பட்டியல் போடுவது அவசரம். இத்துறையில் உண்மையாகவே தசை நோய்க்கு வந்து சேர்ந்த மருந்து கிவினோஸ்டாட். ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைலை நீக்கும் நொதிகளைத் தடுப்பது அது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள டூஷேன் நோயாளிகளுக்கு மட்டும் அனுமதி பெற்றது. பிளேட்லெட் குறைதல், ட்ரைகிளிசரைடு ஏறுதல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்காக இரத்தப் பரிசோதனையோடுதான் கொடுக்கிறார்கள். வலிப்பு மாத்திரையான வால்ப்ரோயேட்டுக்கும் அதே நொதிகளைத் தடுக்கும் குணம் உண்டு என்று யாராவது சொல்வார்கள். குணம் உண்டு, கிழிந்த தசைக்கு அதைச் சாப்பிட எந்த நியாயமும் இல்லை.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொல்வதற்கு முதல் காரணம் தசை அல்ல. பிரஷர் மாத்திரை சாப்பிடும் 63 வயதுக்காரர் அதை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் பிரஷர் ஏறலாம், சிறுநீரகம் அடிபடலாம், வயிற்றில் புண் வரலாம். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தசையைப் பொறுத்தவரை சான்று இரண்டு பக்கமும் இருக்கிறது. கடும் பயிற்சிக்குப் பிறகு இளைஞர்களின் தொடையில் டைக்ளோஃபெனாக் இனத்து மருந்தான இண்டோமெதசினை நேராகச் செலுத்தியபோது, சாட்டிலைட் செல்கள் எட்டாம் நாளில் கூட வேண்டிய அளவு கூடவில்லை. முதியவர்கள் 12 வாரம் எடைப் பயிற்சியோடு ஐபுப்ரோஃபென் எடுத்த இன்னொரு ஆய்வில் தசை குறையவில்லை, கூடியது. ஆக, மாத்திரை செல்லைக் கொன்றுவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் பயிற்சியின் அளவைச் சொல்லும் ஒரே கருவி வலி. அதை மாத்திரையால் அணைத்துவிட்டால் எவ்வளவு தாங்குகிறது என்று அப்பாவுக்கே தெரியாது. இடையிடையே தேவைப்பட்டால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

உழிச்சல் பற்றி அத்தையோடு சண்டை வேண்டாம். காயம் பட்ட முதல் வாரங்களில், குறிப்பாக ஆழமாக இரத்தம் கட்டிய தொடையில், அழுத்தி உழிந்திருந்தால் ஆபத்து: தசைக்குள் எலும்பு படியும் கோளாறு வரலாம். மூன்று மாதம் ஆன இந்த நிலையில் இளஞ்சூட்டில் முறிவெண்ணெய் தடவி லேசாக நீவுவதால் கெடுதல் இல்லை, விறைப்பு கொஞ்சம் தளரும். கட்டியாகக் கெட்டிப்பட்ட இடம் கைக்குத் தட்டுப்பட்டால் அதன் மேல் அழுத்தக் கூடாது; எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மேலும், எண்ணெய் எந்த ஜீனையும் திறக்காது. உழிச்சல் முடிந்த அரை மணியில் பயிற்சி செய்யவைத்தால் அத்தையின் வைத்தியமும் வேலைக்கு ஆகும்.

பயிற்சி என்றேனே, அதுதான் மருந்து. அப்பாவின் தொடையில் புது நார் பிறக்கும் கட்டம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இப்போது இருப்பது சுருங்கிய தசை, தழும்பு, பயம். வயதானவர்களிடம் சாட்டிலைட் செல்கள் குறைவது முக்கியமாக வேக நார்களில், அதாவது சட்டென்று பலமாக இழுக்கும் நார்களில். நடையால் அந்த நார்கள் எழுப்பப்படுவதில்லை, பாரம் வேண்டும். சராசரி 72 வயது ஆண்கள் 12 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தபோது வேக நார்களில் சாட்டிலைட் செல்கள் கூடின. எட்டு ஆண்களை ஏழு வாரம் பயிற்சி, ஏழு வாரம் ஓய்வு, மறுபடி ஏழு வாரம் பயிற்சி என்று நடத்திய 2018 ஆய்வில், முதல் பயிற்சியில் டிஎன்ஏவில் மெத்தில் குறைந்த சில ஜீன்கள் ஓய்விலும் அப்படியே இருந்து, இரண்டாம் முறை கூடுதலாக வேலை செய்தன. அது முழுத் தசையை அளந்தது, ஸ்டெம் செல்லை மட்டும் அல்ல. ஆனாலும் பல ஆண்டு மரம் ஏறிய தொடைக்கு இது நல்ல செய்தி.

தொடங்குமுன் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியிலோ பாலக்காட்டிலோ எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். உட்காரும் எலும்புக்குக் கீழே பள்ளம் தெரிகிறதா, பெஞ்சில் உட்கார்ந்தாலே குத்துகிறதா, காலில் மரத்துப்போகிறதா, முழங்காலை எதிர்ப்புக்கு எதிராக மடக்கவே முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்ஆர்ஐ தேவை. தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தால் பயிற்சி மட்டும் போதாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிட்டு இரண்டு தொடையும் வலித்தால் அதையும் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகால்களைப் பிட்டத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து இடுப்பைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தணும். எட்டு முறை, மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிடம். பிறகு 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மூன்று விநாடி எடுத்து மெதுவாக உட்காரணும். பத்து முறை, இரண்டு சுற்று. மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் உள்ளவர்.

மூன்றாம் வாரத்திலிருந்து முக்கியமானது. டைல்ஸ் தரையில் குதிகால்களுக்கு அடியில் துணி போட்டு, இடுப்பைத் தூக்கி, நான்கு விநாடி எண்ணிக்கொண்டே கால்களை நீளமாக வழுக்கவிடணும். முழுதும் நீண்டதும் இடுப்பைக் கீழே வைத்துவிட்டு, கால்களை மடக்கித் திரும்பத் தொடங்கணும். ஆறு முறை, மூன்று சுற்று. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவது இதில்தான்; மரத்தில் இறங்கும்போது தொடை செய்யும் வேலையும் இதுவே. இரண்டு வாரம் இரண்டு காலால், அப்புறம் இடது காலுக்குக் கூடுதல் பங்கு. ஏழாம் வாரம் முதல் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்து, முதுகு நேராக, இடுப்பில் இருந்து குனிந்து நிமிர்வது. வாரம் ஒரு கிலோ ஏற்றலாம். 15 சென்டிமீட்டர் படியில் இடது காலை வைத்து ஏறுவது, பழகியதும் 30.

ஒவ்வொரு சுற்றையும் 'இன்னும் இரண்டு முறை முடியும்' என்ற நிலையில் நிறுத்தணும். பத்துக்கு மூன்று வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் பாரத்தைக் குறைத்து, பயிற்சியைத் தொடரணும்; முழுதாக விடக் கூடாது. கெட்டுப்போவது எங்கே என்றால்: வலி போனதும் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவது, காலையில் எழுந்து குனிந்து பெருவிரலைத் தொட்டு இழுப்பதையே பயிற்சி என்று நினைப்பது. இழுப்பு தழும்பைச் சீண்டும், பலம் தராது. தொடை, கெண்டைக்கால் தசைக் கிழிசலில் காயம்பட்ட இரண்டாம் நாள் பயிற்சி தொடங்கியவர்கள் நடுமதிப்பில் 62.5 நாளிலும், ஒன்பதாம் நாள் தொடங்கியவர்கள் 83 நாளிலும் வலியில்லாமல் விளையாட்டுக்குத் திரும்பினார்கள் என்று 50 பேரை வைத்துச் செய்த 2017 ஆய்வு சொல்கிறது. ஒரு வாரத் தாமதத்துக்கு மூன்று வார விலை. காயம்பட்ட எத்தனையாவது நாளில் தம்பி ஓடியாடத் தொடங்கினான், தன் காயத்தின் அதே கட்டத்தில் அப்பா படுத்திருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கே இருக்கலாம்.

சாப்பாடு. அப்பாவின் எடை 58 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் கணக்கில் நாளைக்கு 70 முதல் 87 கிராம் புரதம். சிறுநீரகம் சரியாக இருந்தால் மட்டும். காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் 18 கிராம் ஆகும். மதியம் 150 கிராம் மத்தி மீன் கிட்டத்தட்ட 28. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10. இரவுக் கஞ்சியோடு 50 கிராம் பயறு 12. இட்லியும் சோறும் மீதியைத் தரும். ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துக் கொடுங்கள். கள் இறக்குகிறவரிடம் கள்ளைப் பற்றிச் சொல்வது சங்கடம்தான். பயிற்சி செய்த நாளில் மதுவைத் தவிர்த்தால் தசைப் புரதம் கட்டப்படுவது தடைபடாது.

மரம் ஏறலாமா என்பதைத் தேதியால் தீர்மானிக்காதீர்கள். ஒற்றைக் காலால் இடுப்பைத் தூக்கும் பயிற்சியில் வலது கால் எத்தனை முறை முடிக்கிறதோ, இடது கால் அதில் பத்துக்கு ஒன்பதாவது முடிக்க வேண்டும். துணிப் பயிற்சியில் கடைசிவரை நீண்டும் வலிக்கக் கூடாது. 30 சென்டிமீட்டர் படியிலிருந்து இடது காலால் மெதுவாக இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயக் கூடாது. மூன்றும் சரியானால் குட்டைத் தென்னை ஒன்றில், ஆள் உயரத்துக்கு மேல் போகாமல், இடுப்பில் பாதுகாப்புப் பட்டையோடு, ஒரு வாரம் காலையில் ஒரே ஒரு தடவை. அடுத்த வாரம் அதே மரத்தில் முழு உயரம். மறுநாள் காலை விறைப்பு கூடாவிட்டால் வாரத்துக்கு இரண்டு மரம் சேர்க்கலாம். ஒரே மரத்தில் நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குவது கடைசியாக வர வேண்டியது. களைத்த தசைதான் இறங்கும்போது மறுபடி கிழிகிறது. முதல் மாதம் மழையில் நனைந்த மரத்தில் ஏற வேண்டாம். தம்பியையும் அந்தத் துணிப் பயிற்சியை வாரம் இரு முறை செய்யச் சொல்லுங்கள். பின்தொடை ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம்.